கடைசியாக ஒருமுறை பேசிவிட்டால் மனம் ஆறிவிடுமா?

திருமங்கலத்தான்:
கல்லூரி இறுதியாண்டில் தொடங்கி நான்கு ஆண்டுகள் நீடித்த எங்கள் காதல் சென்ற ஐப்பசியில் முடிந்தது. இருவரும் வேறு வேறு சாதி. என் வீட்டில் பேசுகிறேன், பேசுகிறேன் என்று சொல்லியே நான் இரண்டு பொங்கல்களைக் கடத்திவிட்டேன். அந்தத் தயக்கத்தைத்தான் அவர் பிரிவுக்குக் காரணமாகச் சொன்னார், அது உண்மையும்கூட. "இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று எழுதிவிட்டு வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். எட்டு மாதங்கள் ஆகின்றன. கோவையில் அறை மாற்றிவிட்டேன், நாங்கள் சேர்ந்து போன கடைகளுக்குப் போவதில்லை, ஆனாலும் பணம் அனுப்பும் செயலியைத் திறந்தால் அவர் பெயர் இன்னும் முதல் வரிசையில் நிற்கிறது. ஒரு ரூபாய் அனுப்பி, அதோடு சேர்த்து எழுதும் குறிப்பில் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதலாமா என்று மூன்று இரவுகளாக யோசிக்கிறேன். மீண்டும் சேர வேண்டும் என்று கேட்கப்போவதில்லை. பாதியில் நின்ற ஒரு பேச்சைப் பேசி முடிக்காமல் மனம் எப்படி அதை விடும்?

மேற்குவாசல்:
தம்பி, அனுப்பாதீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீங்கள் உண்மையாகவே நினைக்கிறீர்கள் என்பதை நான் ஐயப்படவில்லை. ஆனால் அந்த இரண்டு வரிக்குக் கீழே, அவர் ஏதாவது பதில் எழுதுவார் என்ற எதிர்பார்ப்பு உட்கார்ந்திருக்கிறது. பதில் வந்தால் அதற்கு ஒரு பதில் எழுதத் தோன்றும், வராவிட்டால் பார்த்தாரா இல்லையா என்று நாளெல்லாம் செயலியைத் திறந்து திறந்து பார்ப்பீர்கள். எப்படி நடந்தாலும் இந்த எட்டு மாதங்களும் வீணாகிவிடும். படங்களையும் பழைய உரையாடல்களையும் இன்றே அழித்துவிடுங்கள் என்பேன். இங்கிலாந்தில் தாரா மார்ஷல் என்ற உளவியலாளர் 464 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிரிந்தவரின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி பார்ப்பவர்களிடம் மன வேதனையும் ஏக்கமும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. பார்க்கப் பார்க்கப் புண் ஆறாது என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள்.

கரிசல்மண்:
மேற்குவாசல் ஐயா அந்த ஆய்வின் ஒரு பாதியை மட்டும் சொன்னார். பிரிந்தவரைத் தம் ஃபேஸ்புக் நட்பிலிருந்து நீக்காமல் வைத்திருந்தவர்களிடம், நீக்கியவர்களைவிட ஏக்கமும் கசப்பும் குறைவாக இருந்ததாகவும், ஆனால் தனிமனித வளர்ச்சியில் அவர்கள் பின்தங்கியிருந்ததாகவும் அதே ஆய்வு சொல்கிறது. மேலும், அடிக்கடி பார்ப்பதால் வேதனை கூடியதா, வேதனை கூடுதலாக இருப்பவர்கள்தான் அடிக்கடி பார்க்கிறார்களா என்பதை அப்படியோர் ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு இதில் வேறொரு வருத்தம் உண்டு. ஒருவர் இறந்தால் வீட்டு வாசலில் பந்தல் போடுகிறார்கள், பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது, அலுவலகத்தில் விடுப்புக் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மணமுறிவுக்குக்கூட நீதிமன்றத்தில் ஒரு நாள், கையெழுத்து, ஒரு தாள் என்று ஏதோ இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் நான்கு ஆண்டுகள் வளர்ந்த காதல் முடிந்தால், எதற்காக அழுகிறாய் என்று அம்மா கேட்டால் சொல்லக்கூட முடியாமல், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறோம். அந்த உறவு இருந்தது என்பதற்கே சாட்சி அந்த இன்னொருவர் மட்டும்தான். அப்படிப்பட்ட இருவர் ஒருமுறை மரியாதையாகப் பேசி விடைபெறுவது கூடாதா? முறையாக, பொதுவான தோழி ஒருவர் மூலம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் பேசலாம் என்பதே என் கருத்து. அழித்துவிடு, மறந்துவிடு என்று சொல்வது, நடந்ததே நடக்கவில்லை என்று நடிக்கச் சொல்வதாகும்.

செவ்வந்தி:
வேறொரு காதலில் நானும் அந்த இன்னொருவராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். கரிசல்மண் அண்ணன் சொன்ன துக்கத்தை நானும் அப்படியே அனுபவித்தேன், பிரிவைச் சொன்னவளுக்கு அழுகை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் பிளாக் செய்த இரண்டாவது மாதத்தில் எனக்கு ஒரு ரூபாய் வந்தது. "ஒரே ஒரு முறை பேசு" என்று எழுதியிருந்தார். அதன் பிறகு பத்து முறை ஒவ்வொரு ரூபாயாக வந்தது. ஒவ்வொன்றிலும் மன்னிப்புத்தான் இருந்தது, ஒரு சுடுசொல்கூட இல்லை. என் வங்கிக் கணக்கின் குறுஞ்செய்திகள் அப்போது அப்பாவின் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தன. யார் இவன், எதற்காக ஒரு ரூபாய் அனுப்புகிறான் என்று அவர் கேட்ட மாலையில் நான் நின்ற நிலையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மூன்று மாதங்கள் வேலைக்குப் போக விடவில்லை. சாதி பார்க்கும் வீட்டில் அந்த ஒரு ரூபாய் என்னவாகும் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோழி மூலம் கேட்பதும் கேட்பதுதான். வேண்டாம் என்று எழுதியவரை அந்தத் தோழி மறுபடி வேண்டாம் என்று சொல்ல வைக்கிறார். பெண் ஒருவர் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயன்றால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி அது பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. திருமங்கலத்தான் ஒரு முறைதான் அனுப்ப நினைக்கிறார், அவரைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. எனக்கு அனுப்பியவரும் முதலில் ஒரு முறைதான் நினைத்திருப்பார்.

பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றி அண்ணன் எழுதியது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அந்தக் காரியத்தை உயிரோடு இருப்பவர்கள்தான் செய்கிறார்கள் அண்ணா, போனவர் வந்து உட்கார்ந்து முடித்துத் தருவதில்லை.

கரிசல்மண்:
சகோதரி, உங்கள் அப்பாவின் எண்ணுக்கு அந்தச் செய்தி போகும் என்பது என் நினைவில் எட்டவே இல்லை. தோழி மூலம் கேட்கலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வேண்டாம் என்று அவர் எழுதிவிட்ட பிறகு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது, இவருக்குத்தான் முடியவில்லை.

ஆனால் படங்களையெல்லாம் இன்றே அழிக்க வேண்டும் என்பதை நான் இப்போதும் ஏற்கவில்லை. இரவு ஒரு மணிக்கு ஆத்திரத்தில் அழித்துவிட்டு, மறுநாள் அதை எப்படியாவது மீட்க முடியுமா என்று கைப்பேசிக் கடைக்கு ஓடிய நண்பனை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் உரையாடலைக் கோப்பாக மாற்றி வெளியே எடுக்கும் வசதி இருக்கிறது. அதையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கைப்பேசியிலிருந்து நீக்கலாம். சொல்ல நினைத்ததை அனுப்புவதற்காக அல்லாமல் எழுதியும் பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நாளுக்குப் பதினைந்து நிமிடங்கள் வீதம் நான்கு நாட்கள் தங்கள் மனக்காயத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதிய நாளில் அவர்களுக்குத் துயரம் கூடியது, பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது.

மேற்குவாசல்:
பென் டிரைவ் யோசனையை ஒப்புக்கொள்கிறேன், அது தம்பியின் அறையிலேயே இருக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்காமல் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

திருமங்கலத்தான்:
செவ்வந்தி அவர்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். என்னைப் பிரிந்தவருடைய வங்கிச் செய்திகள் யாருடைய எண்ணுக்குப் போகின்றன என்பது நான்கு ஆண்டுகள் பழகிய எனக்குத் தெரியாது. ஒருமுறைகூட அதை நான் யோசிக்கவில்லை. வீட்டில் பேசாமல் தள்ளிப்போட்ட காலத்திலும் அவர் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்படித்தான் யோசிக்காமல் இருந்திருக்கிறேன் போலும். பணம் அனுப்பும் செயலியில் அவரை நானே பிளாக் செய்துவிட்டேன். இப்போது அந்தப் பெயர் வரிசையில் இல்லை.

நேற்று விருதுநகரில் இருக்கும் அக்காவை அழைத்து முழுவதையும் சொன்னேன். வீட்டில் ஒருவரிடம் அவர் பெயரைச் சொன்னது இதுவே முதல் முறை. அக்கா திட்டவில்லை, எப்போது ஊருக்கு வருகிறாய் என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எழுதி முடித்த ஐந்து பக்கக் கடிதத்தையும் பென் டிரைவையும் அவளிடம் கொடுத்துவிடுவேன். அழிக்கும் துணிவு மட்டும் இன்னும் வரவில்லை, மேற்குவாசல் ஐயா மன்னிக்க வேண்டும்.