‘டிபிகல் யூஸ்’: புழக்கப் பயன்பாடு எனலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காகக் கருத்தடைத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆணுறை, காப்பர் டி எல்லாம் சிக்கலில்லை. ‘பெர்ஃபெக்ட் யூஸ்’, ‘டிபிகல் யூஸ்’ இரண்டும்தான் வழிமறிக்கின்றன. நேற்று இங்கே வந்த பரிந்துரை:

> நிறைநிலைப் பயன்பாடு, மாதிரிப் பயன்பாடு

‘மாதிரி’ வேண்டாம் ஐயா. இலவசமாகக் கொடுக்கும் சாம்பிள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பரவலாக எடுத்தாளப்படும் அமெரிக்க எண்கள் இவை. ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் 100 இணைகள் ஒவ்வொரு தடவையும், தொடக்கம் முதல் முடிவு வரை, சரியாகப் பயன்படுத்தினால் (இதுதான் ‘பெர்ஃபெக்ட் யூஸ்’) ஓராண்டில் 2 பேருக்குக் கரு தங்கும். உலகத்தில் மக்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிறபடி, தவறுகளோடு சேர்த்துப் பார்த்தால் (இது ‘டிபிகல் யூஸ்’) 13. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 85.

அந்த 13 பேரில் ‘இன்னைக்கு ஒருநாள்தானே’ என்று போடாமலே விட்டவர்களும் சேர்த்தி! பாதியில் போட்டவர்கள், எடுக்கும்போது விளிம்பைப் பிடிக்காதவர்கள், வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ரப்பரை நைய வைத்தவர்கள், சித்திரை வெயிலில் பர்ஸிலேயே மாதக்கணக்காக வைத்திருந்தவர்கள் எல்லாரும் உண்டு. ஆகவே ‘ஆணுறையின் தோல்வி வீதம் 13’ என்று எழுதினால் பழி முழுதும் ரப்பர் மேல் விழுகிறது. பாதிக்கு மேல் கையின் பிசகு.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு பையன், பெட்டியைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டே கேட்டான்: “அண்ணே, நூத்துக்குப் பதிமூணுன்னா, எட்டுத் தடவைக்கு ஒரு தடவை புட்டுக்குமா?” படித்த பையன்தான். சதவீதத்தைப் பார்த்ததும் தடவைக் கணக்குப் போட்டுவிட்டான். இது ஆண்டுக் கணக்கு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: ‘முறைப் பயன்பாடு’, ‘புழக்கப் பயன்பாடு’. பரணில் கிடக்கும் பித்தளை அண்டா வேறு, தினம் புழங்குகிற சட்டி வேறு. சட்டியில் நசுங்கல் இருக்கத்தான் செய்யும். ‘தோல்வி வீதம்’ என்பதை ‘ஆண்டுக் கருத்தரிப்பு வீதம்’ ஆக்கலாம்.

--

தம்பி, உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

‘புழக்கம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘முறை’ வேண்டாம். முறை என்றால் தடவை என்றும் அர்த்தம் ஆகிறதே? உங்கள் மருந்துக்கடைப் பையன் மறுபடியும் எட்டுத் தடவைக் கணக்குக்கே வந்து நிற்பான். நீங்களே பிசகு என்று எழுதியிருக்கிறீர்கள். ‘பிசகாப் பயன்பாடு’ என்றே வைத்துவிடலாமே. எண்ணையும் 13% என்று போடாமல் ‘ஓராண்டில் 100 இணைகளில் 13’ என்று போடுங்கள்.

அப்புறம், கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் போடுகிற அவசர மாத்திரை உண்டு, எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒரு வரி சேருங்கள். பயந்துபோய் வருகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

--

சரி அக்கா, மாற்றிவிட்டேன். ‘பிசகாப் பயன்பாடு: ஓராண்டில் 100 இணைகளில் 2. புழக்கப் பயன்பாடு: 13.’ மாத்திரை வரியைக் கட்டம் கட்டி மேலேயே வைத்திருக்கிறேன். பெண்ணுறைக்கு இதே கணக்கு 5, 21; அதையும் கீழே சேர்த்தாயிற்று.