ரபி யோசுவா வீட்டுச் சுவர் ஏன் கறுத்தது?

தென்கரை: யூதச் சட்ட விவாத நூலான தல்மூத்தைப் பற்றி, "தல்மூத் ஞானிகள் வேலைக்கே போனதில்லை, ஊர்தான் சோறு போட்டது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தல்மூத்தின் பெராகோத் பகுதியில் 28ஆம் ஏட்டைப் பாருங்கள். சமாதானம் பேச வந்த அறிஞர் தலைவர் ரப்பான் கமாலியேல், ஞானி ரபி யோசுவாவின் வீட்டைப் பார்த்து, "நீர் கரி சுடுகிறவர் என்று சுவரே சொல்கிறதே" என்கிறார். "அறிஞர்கள் படும் பாடு தெரியாத உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ" என்று பதில் வருகிறது. அந்தக் கரி சும்மாவா வந்தது?

ஆலமரம்: எழுதியது நான்தான். ஒரு சுவரைக் காட்டி எல்லோரையும் உழைப்பாளி ஆக்காதீர்கள். "உழவுக் காலத்தில் உழுது, விதைப்பில் விதைத்தால் தோரா (வேதம்) என்ன ஆவது?" என்று கேட்ட ஞானி சிமியோன் பார் யோகாய்? 12 வருடம் குகையில் இருந்தவர். அப்புறம், தல்மூத்தின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூத்தில் யோசுவா ஊசி செய்கிறார். கரியா, ஊசியா?

தென்கரை: ஊசிக்கு உலை வேண்டும், உலைக்குக் கரி வேண்டும். தல்மூத்துக்கு உரை எழுதிய ராஷியும் கரி சுடுபவர் என்கிறார், கொல்லர் என்று சொல்வாரும் உண்டு என்கிறார். சுவர் கறுத்தது கறுத்ததுதான். பார் யோகாய் குகைக்குப் போனது ரோமருக்குப் பயந்து. அவர் வழியில் போன பலருக்கு அது கைகூடவில்லை என்று ஞானி அபாயே சொல்வதும் அவர் கேள்வி வரும் அதே பெராகோத் 35ஆம் ஏட்டில்தான். அதை ஏன் விழுங்கினீர்கள்? போன மாதமும் பாதிதான் மேற்கோள் காட்டினீர்கள்.

வேதபாடம்: கமாலியேல் பவுலின் குரு அல்லவா? பவுலும் கூடாரம் செய்தவர்தானே.

தென்கரை: அது தாத்தா. இவர் யவ்னே ஊரில் இருந்த பேரன். இதுகூடத் தெரியாமல் வராதீர்கள்.

ஆலமரம்: கேட்டவரிடம் ஏன் எரிந்து விழுகிறீர்கள்? உங்கள் பழக்கமே இது.

வேதபாடம்: நான் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் ஐயா. இனி கேட்கவில்லை.

தென்கரை: பேச்சை மாற்றாதீர்கள். ஞானி ஹில்லேல் அன்றாடக் கூலி. கூலியில் பாதியைக் கல்விக்கூடத்து வாயில்காவலனுக்குக் கொடுத்தார். கூலி கிடைக்காத அன்று கூரையேறிச் சாளரத்தில் காதை வைத்துக் கேட்டார், பனி மூடியதுகூடத் தெரியாமல். ஞானி ரவா தம் மாணவர்களிடம் நிசான், திஷ்ரி மாதங்களில் வரவேண்டாம், வருடம் முழுக்கச் சோற்றுக்கு அல்லாடாமல் இருங்கள் என்றார். நிசான் அறுவடை, திஷ்ரி திராட்சையும் ஒலிவமும் பிழியும் காலம்.

ஆலமரம்: ஹில்லேல் அப்போது மாணவர். ரபி நெகோராய் "எல்லாத் தொழிலையும் விட்டு, மகனுக்குத் தோரா மட்டுமே கற்பிப்பேன்" என்கிறாரே, தல்மூத்தின் கித்துஷின் பகுதி 82ஆம் ஏட்டில். சரி, கரியா, ஊசியா?

தென்கரை: மூன்றாவது தடவை சொல்கிறேன். சுவர் கறுத்திருந்தது. அதைத் துடைத்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

ஆலமரம்: அப்படியானால் ஊசிக்குப் பதில் இல்லை.