ஹைட்ரோகிராக்கர்: கனமான எண்ணெயை உடைக்க ஹைட்ரஜன் எதற்கு?

மூன்றாம் ஆண்டு மாணவி:
எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரோகிராக்கரில் கனமான எண்ணெயை உடைத்து டீசல் போன்ற எரிபொருளாக்குகிறார்கள். வெறும் சூட்டிலேயே பெரிய மூலக்கூறுகள் உடையும்தானே? அப்புறம் ஏன் விலை உயர்ந்த ஹைட்ரஜனை 150 பார் (காற்றழுத்தத்தைப் போல சுமார் 150 மடங்கு) அழுத்தத்தில் செலுத்துகிறார்கள்?

ஷிப்ட் ஆபரேட்டர்:
உடையும்மா. ஆனால் உடைந்த துண்டுகளுக்கு ஹைட்ரஜன் போதாது. ஒன்றோடொன்று சேர்ந்து கரியாகி வினையூக்கியை மூடிவிடும். ஹைட்ரஜன் கூடவே இருந்தால் அறுந்த இடம் உடனே நிரம்பும். கந்தகமும் ஹைட்ரஜன் சல்பைடாகக் கழன்றுவிடும். இதில் வரும் டீசல் அவ்வளவு சுத்தமாக இருப்பது அதனால்தான். வினையூக்கிக்கு இரண்டு வேலை: அதிலுள்ள ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் அமிலத்தன்மை உடைக்கும், நிக்கல்-மாலிப்டினம் சல்பைடு ஹைட்ரஜனை ஏற்றும்.

எங்கள் கண் எப்போதும் வினையூக்கிப் படுகையின் வெப்பநிலை மீதுதான். சுமார் 400 டிகிரியில் ஓடும், வினையே வெப்பத்தையும் கக்கும். படுகைகளுக்கு நடுவே குளிர்ந்த ஹைட்ரஜனை விட்டுத் தணிப்போம். அப்படியும் ஏறிக்கொண்டே போனால் யோசிக்கவே கூடாது, உள்ளிருக்கும் வாயுவை ஃபிளேருக்கு (வாயுவை எரித்துவிடும் உயரமான குழாய்க்கு) விட்டு அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். உற்பத்தி போனால் போகட்டும், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
இதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. உயர் அழுத்த ஹைட்ரஜனால் நிலக்கரியை எண்ணெயாக்கும் முறைக்கு ஃபிரெட்ரிக் பெர்கியுஸ் 1913-இல் காப்புரிமை பெற்றார். 1927-இல் அங்கே லொய்னா என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. 1931-இல் கார்ல் போஷும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மாணவி:
நன்றி சார். அண்ணா, அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

ஷிப்ட் ஆபரேட்டர்:
பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையோ நாப்தாவையோ (கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் லேசான திரவம்) நீராவியோடு வினைபுரிய வைத்துத்தான். அதில் கார்பன் டை ஆக்சைடு நிறைய வெளியேறுகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.