ஃப்ளை தூண்டிலுக்குப் பெடல் கயாக் வேண்டுமா, துடுப்புக் கயாக் போதுமா?

உப்புக்காற்று:
டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருக்கும் நம் நண்பர் புதுத்தூண்டில் போன வாரம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "எட்டாம் எண் ஃப்ளை ராட் வாங்கிவிட்டேன். ரெட்ஃபிஷ் பிடிக்க 14 அடி பெடல் கயாக் வாங்கலாமா?" மூன்று பேர் உடனே "வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். நான் வேண்டாம் என்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஃப்ளை என்பது இறகும் நூலும் கட்டிய எடையில்லாத பொய் இரை, அதைத் தடித்த லைனின் கனத்தால்தான் வீசுகிறோம். ராடின் எண் அது வீசும் லைனின் கனத்தைச் சொல்லும். பெடல் கயாக் காலால் மிதித்து ஓட்டும் சிறு படகு, துடுப்புக் கயாக் கையால் வலிப்பது.

அவர் போக நினைப்பது அரான்சஸ் பாஸுக்கும் போர்ட் அரான்சஸுக்கும் நடுவே உள்ள லைட்ஹவுஸ் லேக்ஸ். கருங்கண்டல் புதர்த் தீவுகள், அவற்றுக்கு இடையே ஓடைகள், ஆழமில்லாத குளங்கள். பல இடங்களில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். நண்டைத் தேடி ரெட்ஃபிஷ் தலையைக் கடற்புல்லுக்குள் விடும்போது வால் வெளியே தெரியும். வாலடியில் இருக்கும் கறுப்புப் பொட்டைக்கூடப் பார்க்கலாம். அந்த ஆழத்தில், பெடலை மிதித்தால் படகின் அடியில் தண்ணீரைத் தள்ளும் மடல்கள் புல்லில் மாட்டும். அவற்றைத் தூக்கி வைத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது 38 அங்குல அகலத்தில், உடல் மட்டுமே 120 பவுண்டு கனக்கிற படகு. அதைத் துடுப்பால் தள்ளிப் பாருங்கள், தெரியும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஃப்ளை லைன். சாதாரணத் தூண்டிலில் நூல் ரீலுக்குள் போய்விடும். ஃப்ளையில் இழுக்க இழுக்க முப்பது, நாற்பது அடி லைன் காலடியில் குவியும். அங்கே ஒரு திருகு, ஒரு கொக்கி, ஒரு வார் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதில் போய் மாட்டும். பெடல் இருப்பதே அந்த இடத்தில்தான். நான் முன்பு வைத்திருந்த பெடல் கயாக்கில், நாற்பது அடி தூரத்தில் வால் அசைத்துக்கொண்டிருந்த மீனுக்கு வீசினேன். லைன் பெடல் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்திருக்கிறது. ஃப்ளை பாதி வழியில் வெடுக்கென்று நின்று தண்ணீரில் அறைந்தது. மீன் சேற்றைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது.

12 அடி நீளம், 31 அங்குலத்தை ஒட்டிய அகலம், மேலே உட்காரும் வகை, துடைத்துவிட்டது போன்ற தளம், நல்ல துடுப்பு. இது போதும். அது உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோகட்டும். அப்புறம் இறங்கி நடந்து பிடியுங்கள்.

கார்ப்பஸ்காரன்:
அண்ணா, நீங்கள் காற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை. கோடையில் இங்கே மதியத்துக்கு மேல் தென்கிழக்குக் காற்று மணிக்கு 20 மைலில் அடிக்கிறது. துடுப்புக் கயாக்கில் இரண்டு கையும் துடுப்பில், ராட் மடியில். மீனைப் பார்த்துத் துடுப்பை வைத்துவிட்டு ராடை எடுப்பதற்குள் படகின் மூக்கு திரும்பிவிடும், மீன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பெடலில் கை இரண்டும் சும்மா இருக்கின்றன. காற்றை எதிர்த்து நின்றபடியே வீசலாம்.

எல்லாப் பெடலும் ஒன்று இல்லை. ஹோபி நிறுவனம் 1997இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவில் இருப்பவை பெங்குயின் சிறகு மாதிரி இரண்டு மடல்கள். ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் இரண்டும் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன மிதியாக மிதித்து ஓர் அடித் தண்ணீரிலும் போகிறேன். புரொப்பெல்லர் வகையென்றால் தூக்கித்தான் ஆக வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, அகலமான படகில் எழுந்து நிற்கலாம். உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவது தண்ணீரின் பளபளப்பு மட்டும். நின்றுகொண்டு, செம்பு நிற போலராய்டு கண்ணாடியும் போட்டால் மீன் தரையோடு தரையாக நகர்வது தெரியும். ஃப்ளையில் பாதி வேலை பார்ப்பதுதானே?

மீனா கால்வெஸ்டன்:
என்னைப் போன்றவர்களின் கணக்கு வேறு. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். அப்பார்ட்மென்டில் இருக்கிறேன். 120 பவுண்டுப் படகைத் தனியாகக் கார் மேல் ஏற்ற என்னால் முடியாது. என் 12 அடிக் கயாக்கின் ஒரு முனையைக் காரின் பின்பக்கம் சாய்த்து, கீழே ஒரு பழைய பாயைப் போட்டு, மறுமுனையைத் தள்ளினால் ஏறிவிடும். அதனால்தான் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிகிறது.

ஆனால் உப்புக்காற்று அண்ணா "இறங்கி நடங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அதை ஏற்க மாட்டேன். எங்கள் பக்கம் சில குடாக்களில் சேறு தொடை வரை இழுக்கும். சிப்பித் திட்டு பூட்ஸையே கிழிக்கும். திருக்கை வேறு. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும், அப்போதுதான் அது விலகும். கோடையில் உப்புத் தண்ணீர் சூடாக இருக்கும்போது, காயம் வழியாக உடம்புக்குள் புகும் விப்ரியோ கிருமி உண்டு. காலில் வெட்டுக் காயம் இருந்தால் நான் இறங்குவதே இல்லை.

நான் செய்வது இதுதான். கயாக்கில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரே பக்கம் தண்ணீரில் தொங்கவிடுகிறேன். இடுப்பு சுதந்திரமாகத் திரும்பும், வீச்சு பின்னால் உயரமாகப் போகும். லைன் விழுகிற இடத்தில் ஈரத் துண்டை விரித்துவிடுவேன். எதிலும் மாட்டாது. வாங்குவதற்கு முன் உங்கள் படகில் இப்படி உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

உப்புக்காற்று:
சேறு விஷயத்தில் மீனா சொல்வது சரி. நான் நினைத்துச் சொன்னது லைட்ஹவுஸ் லேக்ஸ் இருக்கும் ‘ரெட்ஃபிஷ் பே’ குடாவின் கெட்டி மணல் தரையை. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

காற்றுக்கு வருகிறேன். காற்றை எதிர்த்து மிதிப்பதை விட, காற்று வரும் பக்கத்துக்கு முதலில் போய்விட்டு, காற்றோடு மிதந்து வருவது நல்லது. வலது கைக்காரராக இருந்தால் காற்று இடது தோளில் படும்படி படகைத் திருப்புங்கள். அப்போது லைன் உங்கள் உடம்பை விட்டு விலகியே போகும், கொக்கி காதில் ஏறாது. நிறுத்த ஒரு கம்பு போதும். மெதுவாகச் சேற்றில் ஊன்றி, கயிற்றைப் படகின் பின்முனையில் கட்டுங்கள். நங்கூரத்தைப் போட்டுச் சத்தம் எழுப்ப வேண்டாம்.

புரொப்பெல்லர் பெடல் வாங்க நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். புரொப்பெல்லரால் கடற்புல்லை வேரோடு பிடுங்குவது ‘ரெட்ஃபிஷ் பே’ குடாவில் 2006 முதல் குற்றம், டெக்சாஸ் கடலோரம் முழுவதும் 2013 முதல் குற்றம். அந்தப் புல் போனால் நண்டும் இறாலும் போகும், பின்னாலேயே ரெட்ஃபிஷும் போகும்.

பாம்பன்காரன்:
நான் ஃப்ளை வீசியதில்லை. ஆனால் கட்டுமரத்தில் போனவன். ஏறுகிற தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாகத் தானே வடிந்துவிடும், மொண்டு ஊற்ற வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் மேலே உட்காரும் கயாக்கில் தளத்தில் ஓட்டைகள் இருப்பதும் அதற்குத்தான். கடலுக்கு அந்த வகையே சரி.

எனக்கு ஒரே கேள்வி. விழுந்தால் திரும்ப ஏற முடியுமா? இவ்வளவு பேர் எழுதியும் ஒருவரும் அதைச் சொல்லவில்லையே.

கார்ப்பஸ்காரன்:
பாம்பன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி. கரையிலிருந்து கால் மைல். நின்று வீசிக்கொண்டிருந்தேன். ஒரு படகு கிளப்பிய அலை பக்கவாட்டில் வந்தது, நான் பார்க்கவில்லை. படகு கவிழ்ந்துவிட்டது. தண்ணீர் மார்பளவுதான், ஆனால் குளிர் மூச்சை அடைத்தது. உயரமான இருக்கையோடு தலைகீழாகக் கிடக்கும் அந்த அகலமான படகைப் புரட்ட மூன்று முறை முயன்றேன். நான்காவது முறைதான் புரண்டது. அதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. ராட் போயிற்று. லைஃப் ஜாக்கெட் மேலே இருந்தது, அது முதுகுக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆழம் கூடின திறந்த குடாவுக்கு இன்றைக்கும் பெடல்தான் என் தேர்வு. ஆனால் அகலமான படகு கவிழாது என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். கவிழச் சிரமப்படும் படகு நிமிரவும் சிரமப்படும்.

மீனா கால்வெஸ்டன்:
வருடா வருடம் குளிர் விட்டதும் மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுகிறேன். புரட்டிவிட்டு, நடுவில் இரண்டு கையையும் வைத்து, காலைப் படபடவென்று உதைத்து வயிற்றைத் தளத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம் மல்லாந்து திரும்பி உட்கார்ந்து, கால்களைக் கடைசியில் தூக்க வேண்டும். முதலிலேயே முழங்காலை ஏற்றப் பார்த்தால் மறுபடி கவிழும். துடுப்பும் ராடும் படகோடு வாரால் கட்டியிருக்க வேண்டும். விசில் ஜாக்கெட்டிலேயே தொங்கட்டும். இருட்டில் கிளம்பினால் வெள்ளை விளக்கு.

புதுத்தூண்டில்:
எல்லாருக்கும் நன்றி. 14 அடி பெடலுக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். போர்ட் அரான்சஸில் இரண்டு வகையும் வாடகைக்குக் கிடைக்கிறதாம். வரும் சனிக்கிழமை காலை துடுப்புக் கயாக், ஞாயிறு பெடல். இரண்டிலும் முதலில் விழுந்து ஏறிப் பார்க்கிறேன், ராட் அதற்கப்புறம்தான். உப்புக்காற்று அண்ணா, கூட வருவீர்களா?

உப்புக்காற்று:
வருகிறேன் தம்பி. வெள்ளி இரவு முன்னறிவிப்பைப் பார்ப்போம், காற்று 15 மைலுக்கு மேல் என்றால் அடுத்த வாரம். ஆறு மணிக்கு நெடுஞ்சாலை 361 ஓரத்தில் படகு இறக்கும் இடத்தில் இருங்கள். உப்பு நீர் முத்திரையோடு மீன்பிடி உரிமம் எடுத்துவிட்டீர்களா? கார்ப்பஸ்காரர், ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கள், அந்த மிராஜை ஓர் அடித் தண்ணீரில் மிதித்துக் காட்டுங்கள்.