மேலவீதி வீடு குழுவில் மிஸ்டர் பீன்

வெள்ளிக்கிழமை

காலை 6:41
கமலா: *அவசரச் செய்தி!! உலகையே சிரிக்க வைத்த மிஸ்டர் பீன் கார் விபத்தில் மரணம். கடைசி நிமிட வீடியோவைப் பார்க்க கீழே அழுத்தவும்* (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது)

காலை 6:42
கமலா: பாவம், நல்ல மனுஷன். வித்யா, ஆதவிடம் சொல்லிவிடாதே.

காலை 6:50
உஷா: ஐயோ
உஷா: ஞாயிற்றுக்கிழமை கேக்கில் அவர் முகம்தானே?

காலை 6:52
ஜெயா: ஆமாம் உஷா. அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

காலை 6:53
கமலா: மாற்றச் சொல்லுங்கள் அண்ணி. நல்ல நாளும் அதுவுமாக, செத்தவர் முகத்தை வைத்துக் குழந்தை கையால் வெட்டச் சொல்வதா?

காலை 6:58
வித்யா: லிங்கை யாரும் தொடாதீர்கள்!!
வித்யா: அத்தை, அந்த மெசேஜை எல்லாருக்கும் சேர்த்து டெலீட் செய்யுங்கள்

காலை 7:03
கமலா: செய்தாச்சு

காலை 7:04
வித்யா: 'பாவம் நல்ல மனுஷன்' போய்விட்டது. லிங்க் அப்படியே இருக்கிறது.

காலை 7:05
கமலா: எனக்கு வந்ததை அனுப்பினேன். அவ்வளவுதான்.

காலை 7:19
சுந்தரம்: அனைவருக்கும் காலை வணக்கம். செய்தி பொய். இவரை இணையத்தில் சாகடிப்பது புதிதல்ல. பல தடவை இதே கார் விபத்து, இதே வீடியோ லிங்க். தொட்டால் நம் போன்தான் போகும். மிஸ்டர் பீன் என்பது வேஷத்தின் பெயர். ஆளின் பெயர் ரோவன் அட்கின்சன். 1955 ஜனவரி 6-ல் இங்கிலாந்தின் வடகிழக்கில் டரம் மாவட்டம் கான்செட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு விவசாயம். டரத்தில் பள்ளியில் படித்தபோது, பின்னாளில் பிரதமரான டோனி பிளேரும் அதே பள்ளி. இனிதான் முக்கியம். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு குயின்ஸ் கல்லூரியில் எம்.எஸ்சி., அதுவும் எலெக்ட்ரிகல். அவர் அப்பா படித்த அதே கல்லூரி. ஆய்வு எதைப் பற்றி என்றால், நிலைமை மாற மாறத் தன் அளவுகளைத் தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டு முறை பற்றி. மின்வாரியத்தில் நாங்கள் கவர்னர் (டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) செட்டிங்கோடு மல்லுக்கட்டிய காலத்தில் இந்த மனிதர் அதைப் படித்து முடித்துவிட்டு மேடைக்குப் போயிருக்கிறார். (தொடரும்)

காலை 7:21
ஜெயா: காபி ஆறுகிறது

காலை 7:24
ரவி: முதலில் டிகிரி. அப்புறம்தான் கூத்து. யாருக்குச் சொல்கிறேனோ அவர்களுக்குப் புரிந்தால் சரி.

காலை 7:25
உஷா: காலையிலேயே வேண்டாங்க

காலை 7:31
ஜெயா: கேக் என்ன முடிவு? கடைக்காரர் 10 மணிக்குள் சொல்லச் சொன்னார்.

காலை 7:33
கமலா: ஆள் இருந்தாலும் சரி, செய்தி வந்துவிட்டது. மனசு ஒப்பவில்லை. சோட்டா பீம் போடட்டும்.

காலை 7:34
வித்யா: ஆதவ் அழுவான் அத்தை. அவனுக்கு அந்தப் பச்சைக் கார் வேண்டும். கறுப்பு பானெட், கதவில் பூட்டு.

காலை 7:36
உஷா: கதவில் பூட்டா?

காலை 7:40
வித்யா: காரின் சாவித் துவாரத்தை நம்பாமல் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் அடித்து, வீட்டுக்குப் போடுகிற பூட்டைப் போட்டுவைப்பார் சித்தி. இறங்கும்போது ஸ்டியரிங்கையும் கழற்றிக் கையோடு எடுத்துப் போய்விடுவார். பூட்டையும் சர்க்கரையில் செய்யவேண்டும் என்று ஆதவ் வரைந்தே கொடுத்திருக்கிறான்.

காலை 7:41
ஜெயா: அப்படியானால் கார் மட்டும் போதும், முகம் வேண்டாம் என்று சொல்லட்டுமா?

காலை 7:44
கமலா: பார்க்கலாம்

காலை 9:58
சுந்தரம்: (தொடர்ச்சி) கார் விபத்து என்று எழுதுகிறவனுக்கும் ஒரு நூல் கிடைத்திருக்கிறது. 2011-ல் பீட்டர்பரோ பக்கம் தன் மெக்லாரன் எஃப்1 காரோடு சறுக்கி மரத்தில் மோதியது உண்மை. தோளில் அடி, அவ்வளவுதான். அந்தக் காரைப் பழுது பார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 9,10,000 பவுண்டு.

காலை 10:02
ரவி: என்னது?

காலை 10:03
ரவி: வாங்கியது எவ்வளவு அண்ணா?

காலை 10:09
சுந்தரம்: 1997-ல் 5,40,000 பவுண்டு. 2015-ல் விற்றது 80 லட்சம் பவுண்டு. இரண்டு தடவை இடித்த பிறகும்.

காலை 10:10
ரவி: இடித்த வண்டி விலை ஏறுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என் வண்டிக்கு ஒரு பம்பர் மாற்ற இன்ஷூரன்ஸ்காரன் எட்டு மாதம் அலையவிட்டான்.

காலை 10:11
உஷா: பம்பரை இடித்தது யார்?

காலை 10:11
ரவி: அது இப்போது எதற்கு

காலை 10:30
ஜெயா: கடையில் கார் மட்டும் என்று சொல்லிவிட்டேன். முகம் வேண்டுமானால் நாளை காலைக்குள் சொல்லலாமாம்.

காலை 11:52
பிரபு: இப்போதுதான் எழுந்தேன். அறுபது மெசேஜ்! அம்மா, என்ன அனுப்பினீர்கள்?

காலை 11:53
கமலா: சாப்பிட்டாயா

காலை 11:56
பிரபு: மாமா, கான்செட் இங்கிருந்து கிட்டத்தில்தான். நியூகாசிலில் பஸ் ஏறினால் போதும். ஒரு காலத்தில் இரும்பாலை ஊர். 1980-ல் ஆலையை மூடிவிட்டார்கள். போன வருஷம் அன்னிக் கோட்டைக்குப் போனேனே, போட்டோ போட்டேன். அங்கேதான் அவருடைய 'பிளாக்ஆடர்' டிவி காமெடித் தொடரின் முதல் பாகம் எடுத்தார்கள்.

மதியம் 12:01
கமலா: அந்த போட்டோவில் ஸ்வெட்டர் போடவில்லை நீ

மதியம் 12:40
கார்த்தி: பிளாக்ஆடர் பேச்சு எடுத்ததால் வருகிறேன். நியாயமாகப் பேசவேண்டியது அதைத்தான். 1983-ல் முதல் பாகத்தை அட்கின்சனும் ரிச்சர்ட் கர்ட்டிஸும் சேர்ந்து எழுதினார்கள். கோட்டை, குதிரை, கூட்டம் என்று ஏகச் செலவு. சிரிப்பு அந்த அளவுக்கு வரவில்லை. பிபிசி அடுத்த பாகத்துக்குப் பணம் தர யோசித்தது. அப்போது அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடிக்கும். எழுதுகிற இடத்திலிருந்து தானே விலகிக்கொண்டார். அந்த நாற்காலியில் பென் எல்ட்டன் வந்து உட்கார்ந்தார். கோட்டையை விட்டு ஸ்டுடியோவுக்குள் வந்தார்கள். அசடாக இருந்த நாயகன் புத்திசாலியானான், புத்திசாலியாக இருந்த வேலைக்காரன் பால்ட்ரிக் அசடானான். 1986-ல் வந்த அந்த இரண்டாம் பாகத்திலிருந்துதான் தொடர் எழுந்து நின்றது.

மதியம் 12:44
வித்யா: 👍

மதியம் 12:45
கார்த்தி: 1989-ல் கடைசி பாகம். முதல் உலகப் போர், பதுங்குகுழி. கடைசிக் காட்சியில் விசில் ஊதியதும் எல்லாரும் மேலேறித் துப்பாக்கிகளுக்கு நேராக ஓடுகிறார்கள். அப்படியே பூக்கள் நிறைந்த வயலாக மாறி முடிகிறது. காமெடித் தொடரை இப்படி முடிக்கும் துணிச்சலைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

மதியம் 12:51
ரவி: எந்த வேலை

மதியம் 12:52
உஷா: என்னங்க

மதியம் 12:55
கார்த்தி: மேடை வேலைதான் அப்பா. அவரும் ஆக்ஸ்ஃபோர்டில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்து பாதியில் விட்டவர்தான். இதைப் பெரியப்பா சொல்லவில்லை.

மதியம் 12:57
சுந்தரம்: சொல்வதாக இருந்தேன். தொடரும் என்று போட்டிருந்தேனே.

மதியம் 1:10
ரவி: அவன் அப்பாவுக்கு நிலம் இருந்தது.

மதியம் 1:12
ஜெயா: எல்லாரும் சாப்பிடப் போங்கள்

மதியம் 2:35
கமலா: வித்யா, கேட்கவேண்டும் என்றிருந்தேன். ஆதவுக்குத் திக்கல் சரியாயிற்றா? பள்ளியில் பாட்டுச் சொல்லும்போது 'ப'வில் நின்றுவிட்டானாமே.

மதியம் 2:37
வித்யா: அத்தை, குழுவில் வேண்டாம்.

மதியம் 2:38
கமலா: நம் குழந்தையைப் பற்றித்தானே கேட்டேன்

மதியம் 3:20
கார்த்தி: அக்கா, ஒன்று சொல்லலாமா? நீ வேண்டாமென்றால் நீக்கிவிடுகிறேன். அட்கின்சனுக்கும் திக்கல் உண்டு. அவருக்குச் சிக்குகிற எழுத்து ஆங்கிலத்தில் 'பி'. பிளாக்ஆடரில் 'பாப்' என்ற பெயரை அவர் சொல்வதைக் கேட்டுப் பார். உதட்டை மூடி, அழுத்தி, வெடித்துத் திறப்பார். ஒற்றைச் சொல்லுக்கே அரங்கம் சிரிக்கும். சிக்குகிற எழுத்தைத் தாண்ட அதை மிகையாக அழுத்திச் சொல்லிப் பழகினார், அதுவே அவர் பாணியாகிவிட்டது. இன்னொருவராக நடிக்கும்போது திக்கல் மறைந்துவிடுகிறது, இந்தத் தொழிலுக்கு வர அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

மதியம் 3:41
வித்யா: இது எனக்குத் தெரியாது

மதியம் 3:42
வித்யா: வீட்டில் பீன் மாதிரி நடித்துக் காட்டும்போது ஆதவ் திக்குவதே இல்லைடா. 'டெடி' என்று அந்தத் தொண்டைக் குரலில் கூப்பிடுவான்.

மதியம் 3:44
கார்த்தி: நடிக்க விடு. திருத்தாதே.

மாலை 4:30
சுந்தரம்: (தொடர்ச்சி) கார்த்தி சொன்னதோடு சேர்த்து ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் நாடகக் குழு கூடி ஸ்கிரிப்ட் பேசும்போது இவர் வாயே திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் எழுந்து நடித்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ரிச்சர்ட் கர்ட்டிஸ் அவரை விடவே இல்லை. இசையமைப்பாளர் ஹோவர்ட் குடாலும் அங்கே கிடைத்த நண்பர்தான். பீன் தொடக்கத்தில் வானத்திலிருந்து விழும்போது சர்ச் பாடகர்கள் பாடுவார்களே, அது குடாலின் இசை, பாட்டு லத்தீனில். 1990 ஜனவரி 1-ல் முதல் எபிசோட். 1995 வரை மொத்தமே 14 எபிசோடுதான் ஒளிபரப்பினார்கள்! நம் வீட்டில் நூறு எபிசோட் பார்த்த மாதிரி இருக்கிறது.

மாலை 4:34
ஜெயா: பார்த்ததையே பார்த்தால் அப்படித்தான் இருக்கும்

மாலை 4:40
கார்த்தி: பேசாத பாத்திரத்துக்கு ஸ்கிரிப்ட் எதற்கு என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைத்தான் அதிகம் எழுதவேண்டும். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்க்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் பேனாக்களை வரிசையாக அடுக்குவார், பொம்மைகளை வைப்பார், அப்புறம் கேள்வித்தாளைப் பார்த்து முகம் மாறும், அப்புறம்தான் எட்டிப் பார்க்க ஆரம்பிப்பார். இந்த வரிசையில் ஒன்று இடம் மாறினாலும் சிரிப்பு வராது. தொடரின் பெரும்பாலான எபிசோடுகள் அட்கின்சன், கர்ட்டிஸ், ராபின் டிரிஸ்கால் மூவரும் உட்கார்ந்து யோசித்து எழுதியவை. 1987-ல் மான்ட்ரியல் நகைச்சுவை விழாவில், பிரெஞ்சு நிகழ்ச்சியில்தான் ஆடுவேன் என்று கேட்டு வாங்கி ஆடினார். மொழி தெரியாதவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்க்க. அன்று அவர்கள் சிரித்ததால்தான் நம் ஊரில் ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கார் வேண்டும்.

மாலை 4:52
பிரபு: அருமை கார்த்தி. உன் வீடியோ அனுப்பு.

மாலை 4:53
கமலா: அவர் மனைவி நம் இந்தியப் பெண் என்று சொன்னார்களே

மாலை 4:58
சுந்தரம்: பிபிசி மேக்கப் கலைஞர். அப்பா இந்தியர். பின்னால் பிரிந்துவிட்டார்கள்.

மாலை 4:59
கமலா: ஏன் பிரிந்தார்கள்?

மாலை 5:01
சுந்தரம்: அது நமக்கு வேண்டாம் கமலா.

மாலை 5:15
சுந்தரம்: (தொடர்ச்சி) 2001-ல் கென்யாவில் குடும்பத்தோடு சிறு விமானத்தில் போகும்போது விமானி மயங்கிவிட்டார். அட்கின்சனுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. இருந்தும் விமானி கண் விழிக்கும்வரை அதைக் கீழே விழாமல் பிடித்திருக்கிறார். இன்ஜினியர்.

மாலை 5:17
ஜெயா: ஹால் ஃபேன் சித்திரையிலிருந்து சுற்றவில்லை இன்ஜினியர் சார்

மாலை 5:18
உஷா: 😂

மாலை 5:40
வித்யா: கார்த்தி, ஞாயிற்றுக்கிழமை பசங்களுக்கு பத்து நிமிஷம் ஏதாவது செய்கிறாயா? ஆதவும் கூட நிற்பான்.

மாலை 5:46
கார்த்தி: செய்கிறேன் அக்கா. அட்கின்சன் 1979-ல் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் நிகழ்ச்சியில் ஒரு வாத்தியாராக நடித்தார். வேறொருவர் எழுதியது. மேஜை, நாற்காலி, பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். எதிரே ஒரு பையன்கூடக் கிடையாது. பெயர் வாசிக்கிற விதத்திலேயே எந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். அதை எடுக்கமாட்டேன். நானே புதிதாக, ஆதவ் வகுப்புப் பிள்ளைகள் கூடியிருக்க, பேசாமல் நடக்கிற மாதிரி ஒன்று எழுதுகிறேன். ஆதவுக்கும் வேஷம் உண்டு.

மாலை 5:50
உஷா: மைக் வேண்டுமா?

மாலை 5:51
கார்த்தி: வேண்டாம் அம்மா. மேஜை மட்டும்.

மாலை 6:25
ரவி: சனிக்கிழமை எந்த பஸ்ஸில் வருகிறான்?

மாலை 6:26
உஷா: அவனும் இந்தக் குழுவில்தானே இருக்கிறான். நீங்களே கேளுங்கள்.

மாலை 6:48
ரவி: கார்த்தி, எந்த பஸ்?

மாலை 6:49
கார்த்தி: இன்னும் புக் செய்யவில்லை அப்பா. நேரே தஞ்சாவூரா, திருச்சி வந்து உங்களோடு வரட்டுமா?

மாலை 7:05
ரவி: ஞாயிறு காலை எனக்கு ஒரு வேலை இருக்கிறது. பார்க்கலாம்.

மாலை 7:06
உஷா: ஒரு வேலையும் இல்லை. நீ திருச்சிக்கு வா.

இரவு 8:10
ஜெயா: சாம்பார் சாதத்துக்குப் பெரிய அண்டா வேண்டும். கமலா, மாமாவின் சதாபிஷேகத்துக்கு எடுத்துப் போனாயே, அதை ஞாயிறு காலை வேனில் ஏற்றிவிடு.

இரவு 8:22
கமலா: அண்ணி, அதை அப்போதே திருப்பிக் கொடுத்தாச்சு.

இரவு 8:23
ஜெயா: யாரிடம்?

இரவு 8:31
கமலா: ரவியிடம்

இரவு 8:33
உஷா: எங்கள் வீட்டில் அண்டாவே இல்லை அண்ணி

இரவு 8:40
பிரபு: மாமா, 2012 ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் அவர் ஒற்றை விரலால் பியானோ வாசித்தது யாருக்காவது நினைவிருக்கிறதா? லிங்க் அனுப்புகிறேன்

இரவு 8:41
வித்யா: லிங்க் வேண்டாம்!!

இரவு 8:44
சுந்தரம்: லண்டன் சிம்பொனி இசைக்குழு, நடத்தியவர் சைமன் ராட்டில். விரிவாக நாளை எழுதுகிறேன். அண்டா மாடியில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இரவு 8:46
ஜெயா: மாடியில் பார்த்தாச்சு. சமையல்காரரிடமே கேட்டுவிடலாமா?

இரவு 8:58
ரவி: அக்கா என்னிடம் கொடுத்தது குத்துவிளக்கு. அண்டா இல்லை.