வில்லன் மேல் பரிதாபம் வந்ததும் ஹீரோ டம்மியாகிறான், ஏன்?

கேள்வி: 22 நிமிட சூப்பர்ஹீரோ கார்ட்டூன் எபிசோடு எழுதுகிறேன். வில்லனின் சோகக் கதை வந்ததும் பதினாறு வயது ஹீரோ வெத்துவேட்டாகத் தெரிகிறான். எங்கே இடிக்கிறது?

பதில் 1: ஃபிளாஷ்பேக்கை வில்லனே ஒப்பிக்கிறானா? அங்கேதான். 1992 பேட்மேன் தொடரின் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ பாருங்கள். வில்லன் மிஸ்டர் ஃபிரீஸின் மனைவிக்கு நடந்ததை பேட்மேன்தான் வீடியோ டேப்பில் கண்டுபிடிக்கிறார். காட்சி ஹீரோ கையை விட்டுப் போகவே இல்லை. கடைசியில் ஃபிரீஸையும் பிடிக்கிறார், டேப்பை நிருபரிடம் கொடுத்து, அந்தக் கொடுமைக்குக் காரணமான ஃபிரீஸின் பழைய முதலாளியையும் மாட்டிவிடுகிறார்.

பதில் 2: அதே எபிசோடில், கால் உறைந்துபோன சொந்த அடியாளையே ஃபிரீஸ் விட்டுவிட்டுப் போவான். அந்த ஒரு ஷாட் இல்லையென்றால் நாம் அவன் கட்சிக்கே போயிருப்போம்!

பதில் 3: உங்கள் ஹீரோ பையனுக்குப் பெரியவர் மாதிரி உபதேச வசனம் வேண்டாம். வில்லனைத் தடுக்க அவன் எதையாவது இழக்கட்டும், போதும்.