சாம்பல் நிற அணிலுக்குப் புலிகள் காப்பகம் போதாதா?

தோப்புக்காரன்:
ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வந்துவிட்டது. 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு காடு இருக்க, தோப்போரத்துப் புளியமரத்தை வெட்டாதே என்று என்னிடம் வந்து நிற்பது என்ன நியாயம்? அந்த அணில் சப்பட்டை மாங்காயில் ஒரு கடி, கீழே போட்டுவிட்டு அடுத்த காய். பூவிலேயே குத்தகை பேசிய வியாபாரி அந்தச் சேதத்தை என் பணத்தில்தான் கழிக்கிறார்.

ஓடைக்கரை:
அண்ணாச்சி, காடு பெரிதுதான். ஆனால் உச்சிப் புல்வெளியில் இதற்கு என்ன வேலை? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் செண்பகத்தோப்பு மாதிரி ஓடையோரத்தில், மரத்துக்கு மரம் கிளை கோத்து நிற்கிற இடம்தான் இதற்கு வீடு. கூட்டைப் பார்த்திருப்பீர்களே, உச்சியில் குச்சியும் இலையுமாக, பக்கத்து மரத்துக்குத் தாவ வழியோடு இருக்கும். கழுகு வந்தால் அந்த வழியில்தான் தப்ப வேண்டும். நடுவில் ஒரு புளியை எடுத்தால் தரையில் இறங்கித்தான் போகணும். நாய் விடுமா?

மேற்குமலை:
ரொம்பத்தான் பயமுறுத்துகிறீர்கள். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் இது 'அச்சுறுத்தலை நெருங்கிய' இனம்தான், அழியப்போகிற இனம் இல்லை. இலங்கையிலும் இருக்கிறது. இடைவெளி இருந்தால் கயிற்றுப் பாலம் கட்டுங்கள், முடிந்தது.

ஓடைக்கரை:
இலங்கையில் இருக்கிறது, கேரளத்துச் சின்னாற்றில் இருக்கிறது, காவிரிக் கரையில் இருக்கிறது. எல்லாம் தனித்தனித் துண்டு. இங்கே குறைந்தால் அங்கிருந்து தாவியா வரும்? கயிறு சாலையைக் கடக்க உதவலாம். கயிற்றில் கூடு கட்ட முடியாது, அதில் காயும் காய்க்காது.

தோப்புக்காரன்:
கூடு, கழுகு எல்லாம் சரி தம்பி. இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1 விலங்கு, கைவைத்தால் வழக்கு. நானும் கைவைக்கவில்லை, தகரம் தட்டி விரட்டுவதோடு சரி. ஆனால் அதற்குத் தீனி போடும் செலவு மட்டும் என் தலையில் ஏன்?

ஓடைக்கரை:
அந்தக் கேள்வி நியாயம். சேதத்துக்குப் பணம் கேளுங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன். அதற்காக மரத்தை வெட்டினால் அணில் உங்கள் தோப்பை விட்டா போகும்? ஓடைப்பக்கம் திரும்ப வழியில்லாமல் உங்கள் மாமரத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

தோப்புக்காரன்:
அப்படியும் ஒன்று இருக்கிறதோ! சரி, மாங்காய் சீசன் முடியட்டும். அதுவரை புளியைத் தொடமாட்டேன். வியாபாரி கழித்ததை யார் தருவார்கள் என்பதற்கு மட்டும் இங்கே ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.